தலைவர் போட்ட கூரை

ஓடைப்பட்டியில் ஒரு டென்னிஸ் மைதானம் இருந்தது. அதன்மேல் ஒரு தகரக் கூரை இருந்தது. கூரையின் உயரம் பத்தடி.

டென்னிஸ் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே என்னைப் பொய்யன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் தொடங்குகிறவர் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டு, அது உச்சிக்குப் போய் இறங்கும்போது மட்டையால் அடிக்க வேண்டும். அதற்கு சர்வீஸ் என்று பெயர். எதிராளி வலையோரம் வந்து நின்றுகொண்டால், அவர் கைக்கு எட்டாத உயரத்தில் பந்தைத் தூக்கி அவருக்குப் பின்னால் விழச் செய்யலாம். அதற்கு லாப் என்று பெயர். இரண்டுக்கும் வானம் வேண்டும். பத்தடிக் கூரைக்குக் கீழே தாயம் ஆடலாம், சீட்டு ஆடலாம், கேரம் ஆடலாம். டென்னிஸ் ஆட முடியாது. யுவராணியை ஆடச் சொன்னார்கள். அவளும் வருஷக்கணக்கில் ஆடினாள்.

யுவராணியின் அப்பா ராக்கையா திராட்சை விவசாயி. எங்கள் பக்கத்தில் திராட்சையைப் பந்தலில்தான் ஏற்றுவோம். வரிசையாகக் கல்தூண் நட்டு, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, அதில் கொடியைப் படரவிட்டால் பழம் தலைக்கு மேலே தொங்கும். கீழே நிற்கிற ஆள் கையை நீட்டினால் குலை எட்ட வேண்டும். பந்தலுக்கு உயரம் அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சாண் கூட்டினாலும் வீண் செலவு. பள்ளத்தாக்கில் உயரம் என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைத்தான் சொல்வார்கள்.

தொண்ணூற்றாறில் ஜெபமணி என்ற விளையாட்டு ஆசிரியர் தூத்துக்குடிப் பக்கமிருந்து மாற்றலாகி எங்கள் பள்ளிக்கு வந்தார். அவர் கொண்டுவந்த சாமான்களில் இரண்டு பழைய டென்னிஸ் மட்டைகளும் இருந்தன. பதினோரு வயது யுவராணி பள்ளிக்கூடச் சுவரில் பந்தடிப்பதைச் சில நாள் பார்த்துவிட்டு, நேரே ராக்கையாவின் தோட்டத்துக்கு வந்தார். இந்தப் பிள்ளை பெரிய ஆட்டக்காரியாக வருவாள், ஒரு மைதானம் மட்டும் வேண்டும் என்றார். எம்புட்டு இடம் என்று ராக்கையா கேட்டார். ஜெபமணி நடந்து அளந்து காட்டினார். மறுவாரமே ராக்கையா ரோட்டோரம் காய்த்துக்கொண்டிருந்த இருபது சென்ட் பன்னீர்த் திராட்சையை வெட்டிச் சாய்த்தார். தூண்களைப் பிடுங்கி வரப்போரம் அடுக்கினார். செம்மண் கொட்டி, களத்து உருளையை இழுத்து, தண்ணீர் தெளித்துத் தரையை இறுக்கினார். அவர் மனைவி சுப்புத்தாய் அடுத்த அறுப்பு வரைக்கும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ராக்கையாவுக்கு டென்னிஸ் கடைசிவரை விளங்கவில்லை. பதினைந்து, முப்பது என்று போகிற கணக்கு அடுத்து ஏன் நாற்பதுக்குப் போகிறது என்று ஒருநாள் ஜெபமணியிடம் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. அத்தோடு விட்டுவிட்டார். சாயங்காலம் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து வரப்பில் உட்காருவார். மகள் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பாளே, அந்த முகம் அவருக்குப் போதும். வெட்டிய கொடிக்கு அதுதான் பழம் என்று ஒருநாள் சுப்புத்தாயிடம் சொன்னார். சுப்புத்தாய் அன்றுதான் பேச ஆரம்பித்தாள்.

தொண்ணூற்றொன்பதில் யுவராணி சென்னையில் மாநிலச் சிறுமியர் கோப்பையை வென்றாள். அதற்கு அடுத்த வாரம் கம்பம் பள்ளத்தாக்கு டென்னிஸ் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அதுவரைக்கும் எங்கள் பக்கம் டென்னிஸ் கழகம் கிடையாது. ஆட்டக்காரி ஒருத்தி வந்துவிட்டாள், பாராட்ட ஆள் வேண்டும் அல்லவா? சின்னமனூரில் கம்பி, சிமெண்டு, தகரம் விற்கிற பாண்டீஸ்வரன் தலைவர் ஆனார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற முத்துக்குமரன், விதி தெரிந்தவர் என்பதால் செயலாளர் ஆனார். துணைத் தலைவர், இணைச் செயலாளர், கௌரவ ஆலோசகர் என்று இன்னும் ஒரு வேன் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அந்த வேனில் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டவர் ஒருவரும் இல்லை.

முதல் பாராட்டு விழா மைதானத்திலேயே நடந்தது. இறுக்கிய செம்மண்ணில் கடப்பாரை போட்டுக் குழி தோண்டிப் பந்தக்கால் நட்டார்கள். ராக்கையா பதறிப்போய் ஓடினார். விழா முடிந்ததும் மூடிவிடுவோம் என்றார் செயலாளர். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த வெற்றி யாரால் வந்தது? கழகத்தால் வந்தது. கழகம் போன வாரம்தானே தொடங்கியது என்று சில விஷமிகள் கேட்கலாம். பிறக்கப்போகிற கழகத்தை மனத்தில் வைத்துத்தான் அந்தக் குழந்தை ஆடியது. வீரர்கள் வருவார்கள், போவார்கள். கழகம் நிலைத்து நிற்கும். அது நிற்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை, இந்த மைதானத்தை, ராக்கையா அவர்கள் கழகத்துக்குத் தானமாக வழங்கியிருக்கிறார் என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்."

ராக்கையா, இது வேறு எந்த ராக்கையா என்று திரும்பிப் பின்னால் பார்த்தார். அதற்குள் கூட்டம் கைதட்டிவிட்டது. எங்கள் பக்கத்தில், மேடையில் ஒருவர் பெயரைச் சொல்லி இன்னது கொடுத்தார் என்று அறிவித்து, கூட்டமும் கைதட்டிவிட்டால், அது கொடுத்ததுதான். கோயில் மணியும் பள்ளிக்கூடத்து மின்விசிறியும் அப்படித்தான் வந்தன. மறுத்தவன் அப்புறம் ஊரில் முழிக்க முடியாது. தலைவர் ஒரு துண்டை எடுத்து ராக்கையாவுக்குப் போர்த்தினார். ராக்கையா எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மறுமாதம் பத்திரமும் பதிவாயிற்று.

"கும்புட்டீகளாமே?" என்றாள் சுப்புத்தாய், வீட்டுக்கு வந்ததும்.

"கை தானா போயிருச்சு" என்றார் ராக்கையா.

பந்தக்கால் குழிகளை அவர்தான் மூடினார்.

இரண்டாயிரத்து ஒன்றில் யுவராணி தொழில்முறை ஆட்டக்காரி ஆனாள். தொழில்முறை என்றால் மாசச் சம்பளம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும். ஜெயித்தால் கொஞ்சம் பரிசுப் பணமும் உலகத் தரவரிசைக்குப் புள்ளியும் கிடைக்கும். தோற்றால் ரயில் டிக்கெட் மிச்சம். அவள் ஜெயித்தாள். டெல்லியில் ஒரு பட்டம், பாங்காக்கில் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்து ஒரு தோல்வி, புனேயில் இன்னொரு பட்டம். அவள் சர்வீஸைத் திருப்பி அடிக்க எதிராளிகள் திணறினார்கள். ஓடைப்பட்டிக்காரி ஒருத்தி உலகத்தில் நானூற்றுச் சொச்சமாவது இடத்தில் இருக்கிறாள் என்று பத்திரிகையில் படத்தோடு வந்தது. திராட்சையை வெட்டியதற்குச் சிரித்த ஊர்க்காரர்கள் எல்லாம் அந்தப் படத்தை வெட்டி வைத்துக்கொண்டார்கள். அவள் அப்போதும் ஊருக்கு வந்தால் ஜெபமணியோடு வானத்துக்குக் கீழேதான் பயிற்சி செய்தாள்.

கழகத்துக்கு இது பொறுக்கவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவசரக் கூட்டம் போட்டார்கள். என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பந்து வாங்கித் தரலாம் என்று ஒருவர் சொன்னார். பந்தில் பெயர் பொறிக்க இடம் போதாது என்று தலைவர் மறுத்துவிட்டார். பிறகு அவருக்கே யோசனை வந்தது. நம்ம பிள்ளை வெயிலில் கிடந்து கறுத்துப்போகிறாளே, மைதானத்துக்குக் கூரை போட்டால் என்ன? கடையில் தகரம் தேங்கிக் கிடந்த விஷயத்தை அவர் கூட்டத்தில் சொல்லவில்லை. கூட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

வேலை ஒச்சாண்டிக்குப் போயிற்று. பள்ளத்தாக்கில் பாதித் திராட்சைப் பந்தல் அவன் போட்டதுதான். எவ்வளவு உயரம் என்று கேட்டதற்கு, நீ வழக்கமாகப் போடுகிறதுதான் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். ஒச்சாண்டி நல்லவன். விளையாடுகிற பிள்ளைகள், துள்ளும் குதிக்கும் என்று யோசித்துத் தாராளமாகப் பத்தடிக்கு ஏற்றினான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு உயரமான பந்தல் போட்டதில்லை என்று இன்றைக்கும் சொல்லுவான். ராக்கையா பிடுங்கி வரப்போரம் அடுக்கியிருந்த கல்தூண்களையே எடுத்து, அடியில் சிமெண்டு மேடை கட்டி நிறுத்தினார்கள். தகரத்தின் உள்பக்கத்தில், சர்வீஸ் போடுகிற கோட்டுக்கு நேர்மேலே, தலைவரின் படத்தைப் பெயின்டில் வரைந்தார்கள். வெளிப்பக்கத்தில் வரைந்தால் காக்கைதான் பார்க்கும் என்பது செயலாளரின் கருத்து.

இதெல்லாம் நடந்தபோது யுவராணி வெளியூர்ப் போட்டியில் இருந்தாள். தோளில் பையோடு வந்து இறங்கியவள் மட்டையை எடுத்துத் தகரத்தை நோக்கி நீட்டிப் பார்த்தாள். திறப்பு விழாவில் அவளை ஒரு பந்து அடித்துக் காட்டச் சொன்னார்கள். தூக்கிப் போட்டாள். பந்து தகரத்தில் டணார் என்று இடித்து அவள் நெற்றியிலேயே வந்து விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

"ஐயா, மேல இடம் பத்தல" என்று தலைவரிடம் சொன்னாள்.

"கொஞ்சம் மெதுவாப் போடு ஆத்தா" என்றார் தலைவர். பிறகு மைக்கைப் பிடித்து, பணிவைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். உயர உயரப் போன எத்தனையோ பேரைத் தாம் கீழே பார்த்திருப்பதாகவும், கழகம் தன் வீராங்கனைக்கு ஆரம்பத்திலேயே அந்தப் பாடத்தைக் கற்றுத் தருவதாகவும் சொன்னார்.

அவள் வேறு எங்காவது போய் ஆடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ராக்கையாவும் கேட்டார். செயலாளர் விதியைக் காட்டினார். மாவட்டத்திலிருந்து போட்டிகளுக்குப் பெயர் போக வேண்டுமானால் கழகம் பரிந்துரைக்க வேண்டும். கழகம் பரிந்துரைக்க வேண்டுமானால் ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் கழக மைதானத்தில் வருகை போட வேண்டும். வருகை எடுக்க அவரே காலையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கூரைக்குக் கீழே உட்காருவார். வெயில் படாத இடம் என்பதால் அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

ஜெபமணி தலைவரிடம் போய் வாதாடினார். இந்தக் கூரையின் கீழ் ஆடினால் பிள்ளையின் தோள் போய்விடும் என்று கையை மடக்கி நீட்டி விளக்கினார். தலைவர் காபி வரவழைத்துக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். அந்த மாதக் கடைசியில் ஜெபமணிக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல் வந்தது.

அப்புறம் யுவராணி தனியாகப் பழகினாள். முழங்காலை மடக்கி, முதுகு கூனி, பந்தை நெற்றிக்குச் சற்று மேலே மட்டும் தூக்கி, கையை முழுக்க நீட்டாமல் தோளைத் திருகி அடித்தாள். ஒரு பெண் தன் கூரைக்கு ஏற்றபடி தன்னைக் குறுக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். ராக்கையா வரப்பில் உட்கார்ந்து பார்த்தார். மகள் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டாள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

இரண்டாயிரத்து நான்கில் விசாரணை வந்தது. பயிற்சியில் ஒரு பந்து பழைய ஞாபகத்தில் உயரப் போய்த் தலைவர் படத்தின் கன்னத்தில் பட்டு, மஞ்சளாகத் தடம் விழுந்துவிட்டது. செயலாளர் நேரில் கண்ட சாட்சி. தகரக்கடையின் பின்கட்டில் விசாரணை நடந்தது. புகார் கொடுத்தவர் என்ற முறையில் தலைவர் ஒரு நாற்காலியிலும், விசாரணைக் குழுவின் தலைவர் என்ற முறையில் இன்னொரு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்தார்.

"என்ன உள்நோக்கத்துல அடிச்ச?" என்றார் செயலாளர்.

"ஒரு நோக்கமும் இல்ல சார். பந்தத் தூக்கிப் போட்டேன், இடிச்சிருச்சு."

"கீழ இம்புட்டு எடம் கெடக்கையில ஏன் மேல பாத்துப் போட்ட?"

"சர்வீஸ் மேல பாத்துத்தான் போடணும் சார்."

மேலே பார்த்ததை வீராங்கனை ஒப்புக்கொண்டார் என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

தலைவர் பெருந்தன்மையாக மன்னித்தார். மன்னிப்பதற்கு ஒரு விழா எடுத்தார்கள். ஏணி வைத்து ஏறி, தகரத்தில் இருந்த படத்துக்கு யுவராணி கையாலேயே பொன்னாடை சாத்த வேண்டும் என்று முடிவாயிற்று. பொன்னாடை நிற்கவில்லை, ஆகவே ஒச்சாண்டியைக் கூப்பிட்டுக் கம்பி போட்டுக் கட்டினார்கள். அது ஓரடி தொங்கியது. அன்று முதல் சர்வீஸ் கோட்டில் கூரையின் உயரம் ஒன்பதடி. விழா முடியத் தாமதமாகி அவள் ரயிலைத் தவறவிட்டாள். கொல்கத்தாவில் அந்த வாரம் ஆட வேண்டிய போட்டி அவள் இல்லாமலே நடந்தது.

இதற்குப் பிறகு எல்லாம் இறக்கம்தான். சர்வீஸ் வலையில் விழுந்தது. வெளியூர் மைதானத்தில் திறந்த வானத்துக்குக் கீழே நின்றாலும் அவள் கை பத்தடிக்கு மேல் போக மறுத்தது. இவள் லாப் போடமாட்டாள் என்று எதிராளிகள் சீக்கிரமே கண்டுபிடித்து, முதல் பந்திலேயே வலையோரம் வந்து நின்றுகொண்டார்கள். நானூற்றுச் சொச்சம் எழுநூறு ஆயிற்று, பிறகு ஆயிரத்தைத் தாண்டியது. தோளில் வலி வந்தது. மதுரையில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நீ வீட்டுக்குள்ளே ஆடுகிற பெண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

கழகம் சும்மா இருக்கவில்லை. தோல்வி ஆய்வுக் கூட்டம் ஒன்றைக் கூட்டியது. கூரை போட்ட பிறகும் ஏன் இந்தச் சரிவு என்று இரவுச் சாப்பாட்டோடு விவாதித்தார்கள். கூரை போதவில்லை, பக்கவாட்டில் வெயில் வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். நாலு பக்கமும் தகரம் அடைத்து, ஒரு வாசல் வைத்து, உள்ளே குழல் விளக்கு மாட்டினார்கள். அதற்கும் திறப்பு விழா நடந்தது. உள்ளே நின்றால் பகலா இரவா என்றுகூடத் தெரியாது. மைதானம் வசதியாக இருந்ததால் காதுகுத்து, சடங்கு விசேஷங்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள்.

இரண்டாயிரத்து எட்டில் ஓர் அதிசயம் நடந்தது. கூட ஆடுகிற பெண் ஒருத்தி யுவராணியைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, வெட்டவெளியில் பழக்கினாள். மெதுவாகத் தோள் திறந்தது. மாவட்டப் பரிந்துரை கேட்காத ஒரு போட்டியில் இரண்டு பேரும் சேர்ந்து அங்கே ஓர் இரட்டையர் பட்டம் வென்றார்கள். கடைசிப் புள்ளி ஒரு லாப். அன்று ராத்திரி யுவராணி போனில் சொன்னபோது, லாப் என்றால் என்ன என்று ராக்கையா கேட்டார். வானத்துக்கு அடிக்கிறதுப்பா என்றாள். தேனி பழைய பேருந்து நிலையத்தில் கழகம் பெரிய பிளெக்ஸ் வைத்தது. தலைவர் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். 'கூரை தந்த வெற்றி' என்று மேலே எழுதியிருந்தது. யுவராணி கீழ் மூலையில் அச்சகத்தின் போன் நம்பருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

அந்தப் பிளெக்ஸைப் பார்த்துவிட்டு ராக்கையா நேரே தகரக்கடைக்குப் போனார். அவர் வாழ்க்கையில் யாரிடமும் எதுவும் கேட்டுப் போனவர் இல்லை.

"ஐயா, குடுத்த எடத்தத் திருப்பிக் கேக்கல" என்றார். "அது ஒங்களுக்கே இருக்கட்டும். மேல மட்டும் கொஞ்சம் வானத்த விட்டுக் குடுங்க. எம் பிள்ளைக்கு இன்னும் ரெண்டு மூணு வருசம் ஆட்டம் இருக்குன்னு சொல்றாக."

தலைவருக்கு மனம் இளகியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தமக்கு ஆட்சேபணை இல்லை என்றும், ஆனால் கூரையில் திறந்துவைத்தவர்கள் பெயரெல்லாம் இருப்பதால் அதைக் கழற்றினால் அவர்களை அவமதித்தது போல ஆகும் என்றும் சொன்னார். செயலாளர் சட்ட திட்டத்தைப் புரட்டினார். கழகம் வழங்கக்கூடியவற்றில் வானம் இல்லை என்றார்.

ராக்கையா கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். இதை எழுதும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது. மனுஷன் அங்கேயே ஒரு தகரத்தை எடுத்து அடித்திருக்க வேண்டாமா என்று தோன்றுகிறது. ஆனால் கும்பிட்டுப் பழகிய கைக்கு அடிக்கத் தெரியாது. அதை நம்பித்தான் கழகங்கள் நடக்கின்றன.

அடுத்த வருஷம் மற்றப் போட்டிகளுக்குப் பெயர் போக வேண்டும் என்பதற்காக யுவராணி வருகை போட ஊருக்கு வந்தாள். குழல் விளக்கு வெளிச்சத்தில், தொங்குகிற பொன்னாடைக்குக் கீழே, கூனி நின்று சர்வீஸ் போட்டாள். மூன்றாம் நாள் தோளில் ஏதோ அறுந்தது. மட்டை கையிலிருந்து தானாக விழுந்தது. செயலாளர் அன்றைய வருகையைப் பதிந்துவிட்டுத்தான் ஆட்டோ பிடிக்க எழுந்தார். மதுரையில் அறுவை நடந்தது. சாப்பிடலாம், எழுதலாம், கையைத் தோளுக்கு மேலே மட்டும் தூக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது அவளுக்கு வயது இருபத்துநாலு. தலைவாரிவிட மறுபடியும் சுப்புத்தாய் வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்துப் பத்து மே மாதத்தில் கழகம் பிரிவுபசார விழா எடுத்தது. தலைவர் கடையில் கடன் வைத்திருந்த திராட்சை விவசாயிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தார்களே தவிர, மனம் அங்கே இல்லை. பந்தல்களில் பழம் கனிந்து அறுப்புக்கு நின்றது. இரண்டு நாளாக மேற்கே மழைக் கருக்கல் கட்டிக் கலைந்துகொண்டிருந்தது. கனிந்த பழத்தில் ஒரு மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும், ஆலங்கட்டி விழுந்தால் கொடியோடு போகும். நாலு பக்கமும் தகரம் அடைத்த மைதானத்துக்குள் வானம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அவர்கள் தவித்தார்கள். வீடியோ எடுக்கிறவர் மேடையைப் பார்த்து இரண்டு பெரிய விளக்குகளைப் போட்டிருந்தார். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"யுவராணி அவர்களால் இனிமேல் கையைத் தூக்க முடியாது என்பதில் கழகத்துக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். கழகம் ஒருநாளும் அவரைக் கையைத் தூக்கச் சொன்னதில்லை. தூக்க வேண்டாம் என்றுதான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தது. சொல்லியும் கேளாமல் தூக்கியதால் வந்த வினை இது. போகட்டும். இந்தக் கூரையின் கீழே இன்னும் நூறு யுவராணிகளை உருவாக்குவோம். அதற்கு இடம் போதாது. கூரையை விரிவாக்க வேண்டும். பக்கத்தில் தோட்டம் இருக்கிறது. ராக்கையா அவர்கள் இருக்கிறார். என் உரையின் நிறைவில் ஒரு மகிழ்ச்சியான அறிவிப்பைச் செய்யவிருக்கிறேன்."

ராக்கையாவுக்கு விளங்கிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றரை ஏக்கர். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் தலைவரையே பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் மடியிலிருந்து மெல்ல எழுந்து ஒன்றையொன்று தேடின. பக்கத்தில் இருந்த யுவராணி இடது கையால் அவற்றைப் பிடித்து மடியில் அழுத்தினாள்.

"கையக் கீழ போடுப்பா" என்றாள்.

பிறகு எழுந்து வாசல் வழியாக வெளியே போனாள். கழிவறைக்குப் போகிறாள் என்று நினைத்துச் செயலாளர் வழிவிட்டார்.

வெளியே தகரச் சுவரோரம் அவளுடைய பழைய பந்துகள் ஒரு திராட்சைக் கூடை நிறையக் கிடந்தன. மட்டையும் அங்கே இருந்தது, மேடையில் பரிசாகத் திருப்பித் தருவதற்காக ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். ரிப்பனை அவிழ்த்தாள். அவள் கை தோளுக்கு மேலேதான் போகாது. லாப் என்பது இடுப்புக்குக் கீழிருந்து தூக்கி அடிக்கிற அடி. முதல் பந்தைத் தரையில் தட்டி, எழும்பியதும் தூக்கி அடித்தாள். அது நேரே வானத்துக்குப் போய், அங்கே சற்று நின்று, தகரத்தின் நடுவில் வந்து விழுந்தது. அடுத்தது போனது. அதற்கடுத்தது அதற்கும் மேலே போனது. கூடையைக் காலால் இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் அடித்தாள்.

உள்ளே முதல் சத்தத்துக்கு எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். இரண்டு, மூன்று, பிறகு சடசடவென்று தொடர்ந்தது. ஒச்சாண்டிதான் முதலில் எழுந்தான்.

"ஏலே, ஆலங்கட்டிடா" என்றான்.

அவ்வளவுதான். கனிந்த பழம் பந்தலில் தொங்கும்போது அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு உட்கார்ந்திருக்கிற விவசாயி பள்ளத்தாக்கில் பிறக்கவில்லை. நாற்காலிகள் சரிந்தன. செருப்பைத் தேடாமல் ஓடினார்கள். ஒருவன் படுதா, படுதா என்று கத்திக்கொண்டே போனான். ராக்கையாவும் ஓடினார், ஒன்றரை ஏக்கர் அவருக்கும் கனிந்துதான் நின்றது. உறுப்பினர்களில் தோட்டம் வைத்திருந்தவர்களும் மேடையின் பின்பக்கமாக இறங்கினார்கள். செயலாளருக்கு அனுமந்தன்பட்டியில் மூன்று ஏக்கர் இருந்தது.

வெளியே வந்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். சாயங்கால வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு இல்லை. தகரத்தின் சரிவில் உருண்டு பந்துகள் அவர்கள் காலடியில் விழுந்தன. யுவராணி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கி அடித்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாக ராக்கையா பார்க்காத முகம் அது. யாரும் உள்ளே திரும்பிப் போகவில்லை. ஒச்சாண்டி குனிந்து ஒரு பந்தைப் பொறுக்கினான். தான் போட்ட பந்தலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போய் அதைக் கூடையில் போட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் பொறுக்கிக் கொண்டுவந்து போட்டார்கள். கூடை காலியாகவே இல்லை.

ராக்கையா மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவரும் அண்ணாந்து பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் ஒசக்க அடியாத்தா" என்றார்.

உள்ளே தலைவர் பேச்சை நிறுத்தவில்லை. இரண்டு விளக்குகளும் கண்ணில் அடித்ததால் முன்னால் நாற்காலிகள் கவிழ்ந்து கிடப்பது அவருக்குத் தெரியவில்லை. குரலை உயர்த்தி, ராக்கையா அவர்கள் தம் மீதித் தோட்டத்தையும் கழகத்துக்கு வழங்கியிருக்கிறார் என்று மகிழ்ச்சியோடு அறிவித்தார். கைதட்ட ஆளில்லாத அறிவிப்பு எங்கள் பக்கத்தில் செல்லாது. அது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் காதில் கைதட்டல் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவர் கேட்டிராத பெரிய கைதட்டல், தலைக்கு மேலே, நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. அவர் மைக்கை விட்டுவிட்டு, காலி நாற்காலிகளைப் பார்த்துக் கும்பிட்டார். ஒவ்வொரு பந்துக்கும் ஒருமுறை கும்பிட்டார். கை தானாகப் போயிருக்கும்.